வளையலுக்குள் ஒரு கப்பல்

— அப்புறம் வலது பக்கம் திரும்புறேன். ஏழு அடி வெச்சா கைப்பிடி வருது. மரக் கைப்பிடி.

— மரம்னு அந்தக் கப்பல் வரைபடத்துல எங்க போட்டிருக்கு?

— போடல. பழைய கப்பல்தானே, மரமாத்தான் இருக்கும். குறுக்க பேசாதீங்க, எண்ணிக்கை விட்டுப்போகும். இப்ப படி. பன்னெண்டு படி. கீழ இறங்கினா சாப்பாட்டுக் கூடம்.

— கண்ணைத் தொறந்துக்கிட்டே நடக்கலாமே. படம் உன் முன்னாடிதானே விரிச்சிருக்கு.

— மூடிக்கிட்டு நடந்தாத்தான் கப்பல் ஆடுது. தொறந்தா மேஜை, லென்ஸ் டப்பா, ஸ்குரூ டிரைவர், நீங்க.

— என்னையும் டப்பாவோட சேத்துட்டியா. ஒரே வார்த்தைல சொல்றேன், கேட்டுக்க. நம்ம கண்ணாடிக் கடை மத்தியானம் ரெண்டரை மணி வரைக்கும்தான் மூடியிருக்கும். அதுக்குள்ள டிக்கெட் ஆபீசுக்குப் போய்ட்டு வந்துடணும். நேத்தும் நீ இப்படித்தான் நடந்துக்கிட்டே இருந்த, நேரம் போயிடுச்சு. இன்னிக்குக் கடைசி நாள்னு சொல்லியிருக்காங்க. சின்னக் கப்பலா பெரிய கப்பலா, முடிவு பண்ணு.

— இது ஒரே வார்த்தையா?

— எண்ணாத. இப்ப பாரு, பெரிய கப்பல் படத்தையும் ஒரு தடவை பாரு. பதினெட்டு மாடி. புத்தம்புதுசு. நடுவுல ஒரு பூங்கா. நிஜ மரம். கப்பலுக்குள்ள மரம் வளக்குறான்.

— மரம் பாக்க எதுக்குக் கப்பல் ஏறணும்? நம்ம கடை வாசல்லயே ஒண்ணு நிக்குது.

— கூரை முழுக்கத் திரை. பட்டப்பகல்ல நட்சத்திரம் காட்டுவானாம். கண்ணாடித் தரை வேற. குனிஞ்சா காலுக்குக் கீழ கடல். இருபத்தி நாலு லிஃப்ட்.

— லிஃப்டையுமா போய்ப் பாக்கணும்?

— கண்ணாடி லிஃப்ட், தாயே.

— பத்தொன்பது வருஷமா கண்ணாடி தேய்ச்சுத்தானே சாப்பிடறோம். அங்கயும் கண்ணாடியா?

— நீ சிரிக்காத. டாக்டர் என்ன சொன்னார்? ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒண்ணரை. அதுக்கப்புறம் வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்னார். அதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் உன் கண்ணுல போட்டுடணும்னு நான் கிடந்து தவிக்கிறேன். நீ என்னடான்னா நாலு மாடி, தொண்ணூறு ரூம், தண்ணித் தொட்டி மாதிரி ஒரு நீச்சல் குளம்னு ஒரு ஓட்டைக் கப்பலைப் புடிச்சுக்கிட்டு நிக்குற.

— என் கண்ணு என்ன பெட்டியா, முட்டி போட்டு அழுத்தி மூடுறதுக்கு?

— பெட்டின்னே வெச்சுக்க. காலியா ஏன் போகணும்?

— திணிச்சுக்கிட்டுப் போனா எதை எங்க வெச்சோம்னு தெரியாதுங்க. நாலே நாலு புடவை இருக்கணும். எதுக்குக் கீழ எது இருக்குன்னு கையே சொல்லணும். எனக்கு அந்த மாதிரிதான் வேணும்.

— எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.

— எனக்கு ஒரு இடம் வேணும். கண்ணு போனதுக்கப்புறமும் எழுந்து நடக்க ஒரு இடம். வீடு இருக்கு, கடை இருக்கு, இல்லன்னு சொல்லல. அதெல்லாம் தினப்படி. வேலை முடிஞ்சு நாற்காலில சும்மா உக்காந்திருக்கறப்ப, எங்கயாவது போய்ட்டு வரலாமான்னு தோணும்ல? அப்ப போறதுக்கு. நாலு மாடிய நான் மனசுல வெச்சுக்குவேன். எட்டு நாள் பயணம் போதும். எந்தக் கதவு இழுத்தா தொறக்கும், எது தள்ளினா தொறக்கும், எந்தப் பலகைல கால் வெச்சா முனகும், எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்குவேன். அப்புறம் தோணுறப்பல்லாம் ஏறிக்க வேண்டியதுதான். பதினெட்டு மாடிய நான் எங்க கொண்டுபோய் வெக்க?

— இப்படியெல்லாம் பேசாதயேன்.

— சரி, பேசல. கூட நடங்க. படத்துல விரலை வைங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன், நீங்க தப்பு இருந்தா பாருங்க. ரூம் நம்பர் முப்பத்தி ஒண்ணு. கதவைத் தொறந்து வெளிய வரேன். ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு பக்கச் சுவரும் கைல படுது.

— அவ்வளவு குறுகலாவா இருக்கும்?

— அளவு போட்டிருக்கே. நான் மில்லிமீட்டர்ல லென்ஸ் வெட்டுறவ, எங்கிட்டயேவா? இடது பக்கம் போறேன். ஒன்பது கதவு. எட்டாவது கிட்ட சுவர் உள்வாங்கி இருக்கு. அங்க கை வெறுமையாப் போகும்.

— ஆமா. துணி துவைக்கிற அறைன்னு போட்டிருக்கு.

— சூடான துணி வாசனை வருது. சோப்பு. அதைத் தாண்டினா கனமான இரும்புக் கதவு. தோளைக் குடுத்துத் தள்ளினா காத்து.

— மேல் தளம்.

— காத்து புடவையப் புடிச்சு இழுக்குது. உதட்டுல உப்பு. இன்ஜின் சத்தம் கால் வழியா ஏறுது. சின்னக் கப்பல்ல எங்க நின்னாலும் அது கூடவே வரும். இங்கிருந்து முன்முனைக்கு எழுபத்தி ரெண்டு அடி.

— எழுபது.

— என் அடி சின்னது.

— அங்க ஒரு தூண் இருக்கு. பாத்து.

— தாண்டிட்டேன். நீங்கதான் அதுல முட்டிக்கிட்டு நிக்குறீங்க.

— நான் எங்க வந்தேன்?

— பின்னாடியேதான் வரீங்க. செருப்பு சத்தம் கேக்குதே. வாங்க, மெதுவா வாங்க. ஒரு அவசரமும் இல்ல. இங்க மத்தியானம் முடியறதே இல்ல.

— ம்.

— தண்ணி ரெண்டு பக்கமும் விலகுற சத்தம் கேக்குதா? பட்டுத் துணியக் கிழிக்கிற மாதிரி.

— ம்.

— என்னத்துக்கு மூக்கை உறிஞ்சுறீங்க?

— தூசி.

— லென்ஸ் வெட்டுற மெஷின் ஓடாத நேரத்துல என்ன தூசி?

— ஊர்ல எல்லார் கண்ணையும் பாத்தேன். எல்லாரும் என்னை டாக்டர்னு கூப்பிடறாங்க. நான் டாக்டர் இல்ல, கண்ணாடிக்காரன்னு ஒரு தடவை சொன்னேனா? நீ கதவுல தோளை இடிச்சுக்கிட்டப்ப, அவசரம்னேன். டம்ளரைத் தட்டி விட்டப்ப, கவனம் இல்லன்னேன். ரெண்டு வருஷத்துல மூணு தடவை லென்ஸ் மாத்திக் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எழுத்துப் பலகைல கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாம சொன்ன. பார்வை ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதினேன். இந்தக் கையாலதான் எழுதினேன்.

— அந்தப் பலகை பத்தொன்பது வருஷமா என் மெஷினுக்கு எதிர்ல தொங்குது. கடைசி வரியப் பின்னாலருந்து கேட்டாலும் சொல்லுவேன். நான் படிச்சேனா ஒப்பிச்சேனான்னு எனக்கே தெரியல. அதோட, எனக்கு நடுவுல இன்னிக்கும் நல்லாத்தான் தெரியுது. சுத்தி இருக்கறதுதான் சுருங்கிட்டே வருது. பலகை அதை எங்க காட்டும்?

— வேற கடைக்குப் போயிருந்தா கண்டுபுடிச்சிருப்பான்.

— கண்ணாடிக்காரர் பொண்டாட்டி வேற கடைக்கா போவா?

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு பெட்டிக்குள்ள மூஞ்சிய வெக்கச் சொன்னாங்க. வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பொத்தானை அழுத்துங்கன்னாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல. நானும் மெஷின்காரியாச்சே, ‘ஏம்மா, இது ரிப்பேர் போல இருக்கு, புள்ளியே வரலியே’ன்னேன். அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. அப்பதான் புரிஞ்சுது, புள்ளி வந்துக்கிட்டேதான் இருக்குன்னு.

— இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே.

— கோபமா இருந்தேன்.

— எம்மேலயா?

— வேற யார்மேல? டாக்டர் கேட்டார், எவ்வளவும்மா தெரியுதுன்னு. ஒரு வளையலைக் கழட்டி, கையை நீட்டிப் புடிச்சு, இதுக்குள்ள இருக்கிறதுன்னு காமிச்சேன். வீட்டுக்கு வந்து அதே வளையல் வழியா உங்களைப் பாத்தேன். அப்ப ஆரம்பிச்ச கோபம் பதினொரு நாள் இருந்துச்சு. அந்த நேரத்துல உங்களுக்கு ஒரு படிக்கிற கண்ணாடி செஞ்சு குடுத்தேன்ல? வேணும்னே துளி கோணலா வெட்டினேன்.

— அதனாலதான் எனக்குத் தலைவலியா? நான் பிரஷர்னு பயந்துபோய் உப்பைக் கொறச்சேனே.

— பன்னெண்டாவது நாள் மாத்தி வெச்சுட்டேன். அதோட சரி. நான் விட்டுட்டேன், நீங்கதான் இன்னும் விடல. அந்தப் பதினெட்டு மாடி என் கண்ணுக்கு இல்லங்க. உங்க மனசுக்கு.

— இருக்கட்டுமே. எட்டு நாள் எல்லாத்தையும் நான் உனக்குக் காட்டினேன்னு இருக்கட்டும். அதுல என்ன குத்தம்?

— குத்தம்னு சொல்லல. செருப்பைப் போடுங்க, மணி ஆகுது.

— கையைக் குடு. வாசல்ல சைக்கிள் நிக்குது.

— தெரியும். காலைலயே முட்டிட்டேன்.

*

— படி இருக்கு.

— ம்.

— இந்தப் பக்கம் வா, நிழல்ல. என்ன யோசனை?

— நேத்து மெஷின் மேலயே தலை சாஞ்சு கண்ணசந்தேனே, அப்ப ஒரு கனவு.

— கப்பலா?

— கப்பல்தான். நம்ம கடைத் தெருவுல வருது. ரெண்டு பக்கமும் மாடி, நடுவுல மெதுவா வருது, யாரும் ஒதுங்கக்கூட இல்ல. பக்கத்துக் கடைத் தையல்காரர் துணியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டார், அவ்வளவுதான். எங்கிட்ட வந்ததும் நின்னுடுச்சு. ஏறினேன்.

— நான் இருந்தேனா?

— ஷட்டரை இறக்கிக்கிட்டு இருந்தீங்க. பூட்டுச் சாவியத் தேடிக்கிட்டு.

— கனவுலயுமா?

— ஆனா அதை நான் திரும்பிப் பாக்கல. கப்பலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனாலும் ஓரத்துல நீங்க தெரிஞ்சீங்க. அதான் விசேஷம். கனவுல எனக்கு ஓரமெல்லாம் தெரியுதுங்க. இடது பக்கம் தையல்காரர், வலது பக்கம் நீங்க, மேல வானம், எல்லாம் ஒரே நேரத்துல. முழிச்சுக்கிட்டப்ப யாரோ ஜன்னலைச் சாத்தின மாதிரி இருந்துச்சு.

— இதைக் கேட்டுட்டு நான் எப்படி நடக்குறது?

— இடது கால், வலது கால். நடங்க.

— பெரிய கப்பல்ல அவ்வளவு கூட்டத்துலயும் நான் உன் கையை விட மாட்டேன். அதுக்காகப் பயப்படாத.

— அஞ்சாயிரம் பேர். எல்லாரும் பக்கவாட்டுலருந்துதான் வந்து இடிப்பாங்க. எட்டு நாளும் ‘மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க’ன்னு சொல்லியே என் வாய் வலிச்சுடும்.

— நான் சொல்லிக்கிறேன் உனக்காக.

— நீங்க ஒரு மன்னிப்பை ஒரே வார்த்தைல சொல்லி முடிக்கறதுக்குள்ள கப்பல் ஊரு வந்து சேந்துடும்.

— வந்துட்டோம். இந்தக் கதவுதான்.

*

— வாங்கக்கா, வாங்க சார், உக்காருங்க. பாத்தீங்கன்னா, நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். போன வாரம் சார் சொன்னபடி பெரிய கப்பல்லயே எடுத்து வெச்சாச்சு. பதினாலாவது மாடி, பால்கனி ரூம். பாத்தீங்கன்னா, கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

— போன வாரமா?

— ஆமாக்கா. சார் உங்ககிட்ட சொல்லலையா? ஐயையோ, நான்தான் உளறிட்டேனா?

— நீ உளறலம்மா. நேத்தும் இன்னிக்கும் என்னை மேஜை முன்னாடி உக்கார வெச்சு, சின்னதா பெருசா, முடிவு பண்ணுன்னு கேட்டவர் இவர்தான். நானும் வெக்கங்கெட்டு, அடி எண்ணி எண்ணி நடந்து காமிச்சேன்.

— ஒரே வார்த்தைல சொல்றேன்.

— சொல்லுங்க. இன்னிக்கு எண்ணத்தான் போறேன்.

— பயந்துட்டேன்.

— அப்புறம்?

— அவ்வளவுதான்.

— கல்யாணமான நாள்லருந்து முதல் தடவையா ஒரே வார்த்தைல முடிச்சிருக்கீங்க. எதுக்குப் பயம்?

— நாளைக்கு ஒரு நாள் நீ இருட்டுல உக்காந்துக்கிட்டு, இந்த மனுஷன் இருந்த கொஞ்ச வெளிச்சத்துலயும் எனக்கு நல்லதா எதையும் காட்டலையேன்னு நெனச்சுட்டா? முதல் தடவை தெரியாம விட்டேன். ரெண்டாவது தடவை தெரிஞ்சே விட்டேன்னு ஆயிடும். என்னால அதைத் தாங்க முடியாது.

— அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. நான் வேணும்னா தண்ணி கொண்டு வரட்டுமா?

— வேண்டாம்மா, உக்காரு. எனக்குக் கண்ணு ஒரு வளையல் அளவுக்குத்தான் தெரியும். அதுவும் அடுத்த வருஷம் இருக்காது. உச்சுக் கொட்டாத, சொல்றதைக் கேளு. அதுக்குள்ள ஒரு தடவை கப்பல்ல போகணும். சின்னதுன்னு நான் சொல்றேன், பெருசுன்னு இவர் சொல்றார். இதான் பஞ்சாயத்து.

— சார் இதெல்லாம் சொல்லவே இல்லக்கா. பாத்தீங்கன்னா... ஒண்ணு பண்ணுங்களேன். ரெண்டு கப்பலோட மாதிரியும் இங்கயே இருக்கு, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ஒரே கணக்குல சுருக்கிச் செஞ்சது. பாத்துட்டே சொல்லுங்க.

— எங்க?

— இதோ, என் கையப் புடிச்சுக்கோங்க. இது பெருசு. ஆள் நீளம் இருக்கும்.

— இதுவா? ஜன்னல். ஜன்னல். பால்கனி. ஜன்னல். முடியவே மாட்டேங்குதே. இரும்மா, பின்னாடி போறேன்.

— நாற்காலி இருக்குக்கா.

— பாத்து வா.

— சுவரே வந்துடுச்சு. இப்பவும் ஜன்னல்தான் தெரியுது. நடுவுல ஒரு துண்டு.

— தலையைத் திருப்பித் திருப்பிப் பாரு. கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கலாம்.

— சேக்கறதுக்குள்ள முதல்ல பாத்தது போயிடுதுங்க. சின்னது எங்க?

— பக்கத்துப் பெட்டிக்கா. அது ஒரு முழம்கூட இருக்காது.

— ம்.

— தெரியுதாக்கா? லைட் போடட்டுமா? அக்கா? என்னக்கா, ஏன் அழறீங்க?

— முழுசாத் தெரியுது.

— என்னது?

— முனைலருந்து வால் வரைக்கும். புகைபோக்கி, கொடிக்கம்பம், ஓரத்துல தொங்குற படகு, ஏணி, எல்லாம் ஒண்ணா உள்ள இருக்கு. எதுவும் வெளிய நிக்கல. இந்த வருஷம் முழுக்க நான் எதையுமே முழுசாப் பாக்கலங்க. உங்க மூஞ்சியக்கூட. மூக்கைப் பாத்தா காது இல்ல, காதைப் பாத்தா மீசை இல்ல.

— சார், மேஜை மேல இருந்த படப் புத்தகத்தை ஏன் சுருட்டுறீங்க? பெரிய கப்பலுக்கு அது ஒண்ணுதான் இருக்கு.

— சும்மா இரும்மா. இந்தா, நீ சொல்லு. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, இன்னொரு கண்ணுல இந்தக் குழல் வழியாப் பாத்தா, அதுதான் உன் பார்வையா? இவ்வளவு பெருசா ஓட்டை?

— இன்னும் இறுக்குங்க. இன்னும் கொஞ்சம். ம், அவ்வளவுதான்.

— பெரிய கப்பல்ல வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியுது.

— சின்னதுக்குத் திருப்புங்க.

— இரு. ஆமா. ஆமாம்மா. முழுசா இருக்கு.

— நான் என்ன பொய்யா சொன்னேன்?

— இப்ப உன்னைப் பாக்குறேன். கம்மல் மட்டும் தெரியுது.

— நல்ல கம்மல்தான், பாத்துக்குங்க.

— இப்படியா தினமும் ரோட்டைக் கடந்து கடைக்கு வந்துக்கிட்டு இருந்த?

— உங்க சட்டை என்ன கலர்னு காலைல பாத்து வெச்சுக்குவேன். அந்தக் கலர் முன்னாடி போச்சுன்னா பின்னாடியே வந்துடுவேன்.

— ஏம்மா, அந்தப் பதினாலாவது மாடி வேண்டாம்னு அடிச்சுடு. சின்னக் கப்பல். ரூம் முப்பத்தி ஒண்ணு இருக்கான்னு பாரு.

— நிஜமாவாங்க?

— நிஜமாத்தான். எனக்கு அங்க எந்தத் தூண் எங்க இருக்குன்னு வேற தெரிஞ்சுபோச்சு.

— இருக்கு சார். முப்பத்தி ஒண்ணு காலியாத்தான் இருக்கு. ஆனா...

— என்ன ஆனா?

— பாத்தீங்கன்னா... சொல்லாம விட்டா எனக்கே மனசு கேக்காது சார். அக்கா இவ்வளவு ஆசையா இருக்காங்க. அந்தக் கப்பலுக்கு இதுதான் கடைசிப் பயணம். அறுபது வருஷமாச்சு அதுக்கு. எட்டாவது நாள் எல்லாரையும் கரைல இறக்கி விட்டுட்டு, நேரா உடைக்கிற இடத்துக்கு ஓட்டிட்டுப் போயிடுவாங்க.

— உடைக்கவா? இது எங்கயும் போடலையே.

— கடைசிப் பக்கத்துல, கீழ, பொடி எழுத்துல போட்டிருக்கும் சார்.

— கேட்டியா? நல்லவேளை, இந்தப் பொண்ணு இப்பவே சொல்லிடுச்சு. உடைக்கப் போற கப்பல்ல போய் என்ன பண்றது? வேற ஏதாவது சின்னக் கப்பல் இருக்கான்னு கேப்போம். என்ன சொல்ற?

— எனக்கு முன்னாடியே தெரியும்.

— எப்படி?

— பொடி எழுத்தெல்லாம் எனக்குத் தெளிவாத் தெரியுதே. பக்கவாட்டுல நிக்குறதுதானே தெரியாது. முதல் நாளே படிச்சுட்டேன்.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா அன்னிக்கே வேண்டாம்னிருப்பீங்க. நீங்க போன வாரம் இங்க வந்ததைச் சொல்லல, நான் இதைச் சொல்லல. சரியாப் போச்சு.

— விளையாடாத. நீ காலம் பூரா நடக்கறதுக்குன்னு தேடிக்கிட்ட இடம் அது. அடுத்த வருஷம் அப்படி ஒரு கப்பலே இருக்காது. ஒரு படி மறந்துபோச்சுன்னா, போய்த் தொட்டுப் பாத்துட்டு வரலாம்னா முடியுமா? தெரிஞ்சுமா அதையே புடிச்ச?

— தெரிஞ்சுதான் புடிச்சேன்.

— ஏன்?

— பெரிய கப்பல் அடுத்த வருஷமும் போகும், அதுக்கடுத்த வருஷமும் போகும். போய்ட்டு வந்தவங்கல்லாம் கடைக்கு வந்து, இதைப் பாத்தோம் அதைப் பாத்தோம்பாங்க. நீங்களும் தலையாட்டுவீங்க. நான் மட்டும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அந்தச் சின்னக் கப்பலைப் பாக்கணும்னா, அடுத்த வருஷத்துலருந்து எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தாங்க பாக்கணும். நீங்களும்தான்.